பனியாற்றின் முன்னால் ஒரு மணி நேரம்: அம்மா அப்பாவுடன் அலாஸ்கா கப்பல் பயணம்

கிளேசியர் பே தேசியப் பூங்காவின் வடகோடியில், மார்ஜரி பனியாற்றுக்கு எதிரே பெரிய கப்பல்கள் நிற்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஏழு இரவுப் பயணமும், மாதக்கணக்கில் செய்த ஏற்பாடும், விசாவும், விமானமும், குளிருக்கு வாங்கிய துணிமணியும் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான். அந்த நேரத்தில் எழுபதைத் தாண்டிய அம்மா எங்கே இருப்பார்? முந்தின நாள் துறைமுகத்தில் கடை கடையாக நடந்ததில் கால் வீங்கி, கேபினில் படுத்திருக்கலாம். குளிர் தாங்காமல் உள்ளே போய், திரும்பி வருவதற்குள் கப்பல் திரும்பியிருக்கலாம். பெற்றோரை அழைத்துப் போனவர்கள் ஊர் திரும்பிய பின் மனம் நொந்து சொல்வது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். பணம் அதிகமாகிவிட்டது என்பதுகூட அடுத்துதான் வரும்.

ஆகவே முதியவரோடு போகிறவர்கள் இந்தப் பயணத்தைப் பின்னாலிருந்து திட்டமிட வேண்டும். பனியாறு பார்க்கும் நாள் எது என்று முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தின நாளைக் காலியாக விட்டு, மிச்ச நாட்களில் உடம்பு இடம் கொடுப்பதைச் சேர்த்துக்கொள்வது. 

கப்பலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் எந்தப் பனியாறு என்று கேளுங்கள். விளம்பரத்தில் அலாஸ்கா என்று போட்டிருந்தாலும் எல்லாக் கப்பலும் கிளேசியர் பேவுக்குள் போவதில்லை. பெரிய பயணக் கப்பல்களில் ஒரு நாளைக்கு 2 மட்டுமே உள்ளே வரலாம் என்பது பூங்காவின் விதி. அந்த அனுமதி நாட்களில் பெரும்பகுதி ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ் ஆகிய நிறுவனங்களிடம் இருக்கிறது. மற்ற கப்பல்கள் பலவும் யாகுடாட் அருகே இருக்கும் ஹப்பர்ட் பனியாற்றுக்கோ, ஜூனோவுக்குத் தெற்கே உள்ள எண்டிகாட் ஆர்ம் என்ற குறுகிய ஃபியோர்டுக்கோ போகும். ஹப்பர்ட் 122 கிலோமீட்டர் நீளம் கொண்டது. உலகமெங்கும் பனியாறுகள் பின்வாங்கும் காலத்தில் இது முன்னேறிக்கொண்டிருக்கிறது. 1986-லும் 2002-லும் பக்கத்திலிருக்கும் ரஸ்ஸல் ஃபியோர்டின் வாயையே அடைத்துவிட்டது. எண்டிகாட் ஆர்மின் கோடியில் இருப்பது டாஸ் பனியாறு. அங்கே மிதக்கும் பனிக்கட்டிகளின் நெருக்கத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு தூரம் போவது என்று கேப்டன் முடிவு செய்வார். சில கப்பல்கள் பயணிகளைச் சிறிய படகுக்கு மாற்றி இன்னும் கிட்டே அனுப்பும். ஆனால் அசையும் படகில் இறங்கி ஏற வேண்டியிருக்கும். முட்டி வலி உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

பழைய பயணக் குறிப்புகளில் டிரேசி ஆர்ம் என்ற பெயரைப் பார்க்கலாம். 2025 ஆகஸ்ட் 10 அன்று அங்கே சவுத் சாயர் பனியாற்றை ஒட்டிய மலைச்சரிவு பெயர்ந்து விழுந்து பெரும் அலையைக் கிளப்பியது. ஆகவே டிரேசி ஆர்ம் போகும் என்று யாராவது சொன்னால், இந்த வருடத்துப் பயணத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு முறை கேட்டுவிடுவது நல்லது.

கடல் ஒத்துக்கொள்ளுமா என்ற பயம் பெரியவர்களுக்கு உண்டு. வான்கூவரிலிருந்து கிளம்பும் கப்பல்கள் வான்கூவர் தீவுக்கும் நிலப்பரப்புக்கும் நடுவில், தீவுகள் காற்றை மறைக்கும் உள்வழியில் போகும். சியாட்டிலிலிருந்து கிளம்பும் பல கப்பல்கள் அந்தத் தீவின் மேற்குப் புறமாகத் திறந்த பசிபிக் கடலில் போகின்றன. முதல் இரவே ஆட்டம் தெரியும். விட்டியர் அல்லது சூவர்ட் துறைமுகம் வரை போகும் ஒருவழிப் பயணங்கள் அலாஸ்கா வளைகுடாவைக் கடந்தாக வேண்டும். தலைசுற்றல் உள்ள பெற்றோர் என்றால் வான்கூவரில் ஏறி வான்கூவரிலேயே இறங்கும் சுற்றுப் பயணம் உத்தமம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருக்கும் கேபினில் ஆட்டம் குறைவு. வாந்தி மாத்திரைகள் வயதானவர்களுக்குத் தூக்கக் கிறக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும். பனியாற்று நாளில் அந்த மயக்கத்தோடு மேல்தளத்தில் நிற்க முடியாது. எதைத் தரலாம் என்று கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். உள்வழி நாட்களில் பலருக்கு இஞ்சி மரப்பாவே போதும்.

அடுத்தது காகிதம். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்க மே மாதம் வந்து இறங்கும் பெற்றோரின் கையில் அமெரிக்க விசிட்டர் விசா இருக்கும். சியாட்டிலில் ஏறி சியாட்டிலில் இறங்குகிறோம், கனடா விசா எதற்கு என்று தோன்றும். 1886-இல் இயற்றப்பட்ட ஓர் அமெரிக்கச் சட்டம் காரணமாக, வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏற்றிய பயணிகளை மறுபடி அங்கேயே இறக்க வேண்டுமென்றால், நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். பெரிய பயணக் கப்பல்கள் அநேகமாக எல்லாமே வெளிநாட்டுக் கொடி கட்டியவைதான். அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் கடைசி நாள் மாலை கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிற்கின்றன. இந்தியப் பாஸ்போர்ட் உள்ள பெற்றோருக்குக் கனடா விசா இல்லையென்றால், கப்பலில் ஏறும் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பப்படலாம். கட்டிய பணமும் போய்விடும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அந்த விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டையும் கார்டையும் காட்டினால் போதும். மற்றவர்கள் பெற்றோர் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே கனடாவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதுதானா என்பதையும் பாருங்கள், ஏனென்றால் கனடாவிலிருந்து திரும்புவதும் ஒரு நுழைவுதான்.

கனடா விசா கிடைக்கவில்லை, அல்லது ஏழு இரவு கடலில் இருக்க அப்பாவுக்கு மனமில்லை என்றால், இன்னொரு வழி இருக்கிறது. பெற்றோரோடு போகிறவர்களில் பலருக்கு அதுவே பொருத்தம். ஆங்கரேஜுக்கு விமானத்தில் போய் ஊரில் தங்கி, பகல் படகில் பனியாறு பார்த்துவிட்டு இரவு கட்டிலுக்குத் திரும்பிவிடலாம். விட்டியரிலிருந்து பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் போகும் படகுகள் நான்கைந்து மணி நேரத்தில் திரும்பும். நாலாபுறமும் மலை சூழ்ந்த நீர் என்பதால் ஆட்டமும் குறைவு. விட்டியருக்குப் போக மலையைக் குடைந்த 4 கிலோமீட்டர் சுரங்கப்பாதை ஒன்றுதான் சாலைவழி. ஒற்றைத் தடத்தில் ரயிலும் காரும் முறை வைத்துப் போகும், காருக்கும் ஒரு நேரத்தில் ஒரு திசைதான். நேரம் தப்பினால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும், படகும் போய்விடும். ஆகவே அரை மணி முன்னதாகவே போய் வரிசையில் நின்றுவிடுங்கள். சூவர்டிலிருந்து கீனாய் ஃபியோர்ட்ஸ் போகும் படகில் திமிங்கிலமும் பறவைகளும் அதிகம் தென்படும், ஆனால் ஒரு பகுதி திறந்த கடல்.

அதையும் தாங்காத உடம்பு என்றால் போர்ட்டேஜ் ஏரி. ஆங்கரேஜிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். டார்மிகன் என்ற படகு ஒரு மணி நேரத்தில் பனியாற்றின் முகம் வரை போய்த் திரும்பும். கரையில் ஒரு பார்வையாளர் மையம் இருக்கிறது. 1986-இல் அதைத் திறந்தபோது ஜன்னலிலிருந்தே பனியாறு தெரிந்தது. பிறகு சில ஆண்டுகளிலேயே அது பின்வாங்கி மலை மடிப்புக்குள் மறைந்துவிட்டது. இப்போது அங்கிருந்து பார்க்கப் படகில்தான் போக வேண்டும்.

மாதத்தைப் பொறுத்தவரை, தென்கிழக்கு அலாஸ்காவில் மே, ஜூன் மாதங்களில் மழை ஒப்பீட்டளவில் குறைவு. செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். கெட்சிகனில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மே மாதம் மலைச்சரிவெல்லாம் பனி இருக்கும், கூட்டமும் அதிகம் சேர்ந்திருக்காது. பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளும் கூட வருவதென்றால் ஜூன் பாதிக்கு மேல்தான் முடியும். ஜூனில் ஜூனோவில் பகல் 18 மணி நேரத்துக்கு மேல் நீளும், சூரியன் அடைய இரவு 10 மணியாகும். வெளிச்சத்தைப் பார்த்துச் சாப்பிட்டுப் பழகியவர்கள் நேரம் தெரியாமல் இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவார்கள். சர்க்கரை நோய் இருந்தால் இதைக் கவனிக்க வேண்டும்.

கேபினை எடுக்கும்போது கட்டிலைப் பார்ப்பதற்கு முன் குளியலறையைப் பாருங்கள். சாதாரண கேபின்களில் குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமல் தடுக்க ஒரு மேடு இருக்கும். ஒரு கைப்பிடி உயரம். வீட்டில் அப்படி ஒன்று கிடையாது என்பதால், நள்ளிரவில் அரைத் தூக்கத்தில் எழுந்து போகிறவரின் கால் அதில்தான் தட்டும். முதல் நாள் மாலையே அம்மாவைக் கூட்டிப்போய், “இங்க ஒரு படி இருக்கு பாரும்மா” என்று காலால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரவு முழுவதும் குளியலறை விளக்கை எரியவிட்டு, கதவை ஒருக்களித்து வையுங்கள். கைத்தடி அல்லது வீல்சேர் உள்ளவர்களுக்கு, மேடு இல்லாத குளியலறையும் அகலமான கதவும் கொண்ட கேபின்கள் தனியாக உண்டு. எண்ணிக்கை குறைவு என்பதால் முதலில் தீருவது அவைதான். கப்பல் நிறுவனம் தரும் வீல்சேர் பெரும்பாலும் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் மட்டும். வாரம் முழுவதும் வேண்டுமென்றால் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும், அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டும்.

கேபினில் பால்கனி வேண்டுமா என்பது பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. பெற்றோர் இல்லாமல் போகிறவர்களுக்கு மேல்தளமே போதும். எழுபது, எண்பது வயதானவருக்குப் பனியாற்று நாளில் பால்கனி பெரிய ஆதாயம். உட்கார்ந்து பார்க்கலாம். குளிர்ந்தால் உள்ளே வரலாம், கழிப்பறை பக்கத்தில் இருக்கிறது. எந்தப் பக்கத்துக் கேபின் கிடைக்குமோ என்ற கவலை வேண்டாம். பனியாற்றின் முன்னால் நிற்கும்போது கப்பலை மெல்லத் திருப்பி இரண்டு பக்கத்தாருக்கும் காட்டுவார்கள். பணம் குறைவாக இருந்தால், கரையில் போகும் சுற்றுலா இரண்டை விட்டுவிட்டுப் பால்கனியை எடுப்பதே இந்த நூலின் யோசனை.

ஒரே கேபினில் தங்கும்போது வேறொன்றும் உண்டு. கல்லூரிக்குப் போன நாளிலிருந்து அப்பாவோடு ஒரே அறையில் தூங்காத மகனுக்கு அந்தக் குறட்டையும், விடியற்காலை நாலரைக்கு விளக்கைப் போடும் பழக்கமும் மூன்றாம் நாளில் எரிச்சலாகிவிடும். அப்பாவுக்கும் மகன் எந்நேரமும் போனைப் பார்ப்பது பிடிக்காது. தினமும் மத்தியானம் ஒன்றரை மணி நேரம் ஆளுக்கொரு இடத்தில் இருப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கப்பலில் நூலகம் இருக்கும், சீட்டு விளையாடும் அறை இருக்கும், ஜன்னலோர நாற்காலி எங்கும் கிடைக்கும். பெரியவர்கள் அங்கே யாருடனாவது பேச்சைத் தொடங்கிவிடுவார்கள். மகனும் மகளும் எப்போதும் காவலுக்கு நிற்க வேண்டியதில்லை. இது பயணத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு.

சாப்பாட்டில் சைவமா, முட்டை சேருமா, வெங்காயம் பூண்டு ஆகுமா என்பதை முன்பதிவிலேயே எழுத்தில் தெரிவித்து, கப்பல் ஏறிய அன்று உணவகத்தின் தலைமைப் பரிசாரகரிடம் நேரில் ஒரு முறை சொல்லுங்கள். பல கப்பல்களின் சமையலறையில் இந்தியர்கள் வேலை செய்கிறார்கள். முந்தின இரவே கேட்டுக்கொண்டால் மறுநாள் பருப்பும் சோறும் காய்கறியும் தயாராக இருக்கும். ரைஸ் குக்கர், ஹீட்டர் கம்பி, கெட்டில் போன்றவற்றைப் பெரும்பாலான கப்பல்களில் அனுமதிக்க மாட்டார்கள். உடனடி உப்புமா, அவல் பொட்டலங்கள் இருந்தால் பஃபே தளத்தில் கிடைக்கும் வெந்நீரே போதும். பருப்புப் பொடி, ஊறுகாய் மூடி பிரிக்காத கடைப் பாக்கெட்டாக இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலையையும் பழங்களையும் அமெரிக்காவுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள்.

மருந்து எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். ஏறும் நாளில் பெட்டிகளைக் கப்பல்காரர்களிடம் கொடுத்துவிட்டால் கேபினுக்கு வந்துசேர மாலையாகிவிடும். நேரக் கணக்கையும் முன்கூட்டியே போடுங்கள். கோடையில் அலாஸ்கா நேரம் இந்திய நேரத்துக்குப் பதின்மூன்றரை மணி பின்னால், சியாட்டிலுக்கு ஒரு மணி பின்னால். சென்னையில் காலை 8 மணிக்குப் போடும் மாத்திரைக்கு அலாஸ்காவில் முந்தின நாள் மாலை ஆறரை. இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, தைராய்டு மாத்திரை ஆகியவற்றை எப்படி மாற்றிப் போடுவது என்று மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. தூக்கத்தில் மூச்சுத்திணறலுக்கான கருவி கொண்டுவருகிறவர்கள் கப்பலுக்கு முன்பே சொல்லிவிட்டால், நீட்டிப்பு வயரையும் காய்ச்சி வடித்த நீரையும் ஏற்பாடு செய்துதரக் கேட்கலாம்.

கப்பலில் மருத்துவமனை உண்டு, முதலுதவிக்கும் சிறு சிகிச்சைக்கும். கட்டணம் அதிகம். பெரிய விஷயம் என்றால் ஜூனோ, கெட்சிகன் போன்ற ஊர்களின் மருத்துவமனைக்கு இறக்குவார்கள், அல்லது ஹெலிகாப்டர். அந்த ஹெலிகாப்டரும் மேகம் விட்டால்தான் வரும். பெற்றோருக்காக எடுக்கும் விசிட்டர் இன்சூரன்ஸில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: ஏற்கெனவே உள்ள நோய் திடீரெனத் தீவிரமானால் செலவு தருவார்களா, அவசர வெளியேற்றத்துக்கு எவ்வளவு தருவார்கள். பல பாலிசிகளில் எழுபது வயதுக்கு மேல் தொகை சட்டென்று குறையும்.

பணப் பேச்சும் வரும். “எனக்கு எதுக்குடா இவ்வளவு செலவு? நீங்க போயிட்டு வாங்க, நான் கப்பல்லயே இருக்கேன்” என்று அம்மா சொல்வார். டாலரை ரூபாயாக்கிப் பார்த்தபின் காபி குடிக்கக்கூடத் தயங்குவார். தினசரி டிப்ஸ், பானங்கள், சுற்றுலா எல்லாவற்றுக்கும் கிளம்பும் முன்பே பணம் கட்டிவிட்டால், கப்பலில் பில் வந்து கண்ணில் படாது. கட்டியாகிவிட்டது, போகாவிட்டால் திருப்பித் தரமாட்டார்கள் என்று சொல்லுங்கள். உடனே கிளம்பிவிடுவார்.

துறைமுக நாட்களில் ஒரு நாள் நடை, மறுநாள் ஓய்வு என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஸ்காக்வேயில் வைட் பாஸ் ரயில் பெரியவர்களுக்கென்றே செய்தது போன்றது. தங்கம் தேடிப் போனவர்களுக்காக 1898 முதல் 1900 வரை போட்ட பாதை. 32 கிலோமீட்டரில் ஏறத்தாழ 870 மீட்டர் ஏறுகிறது. ஏறி உட்கார்ந்தால் போதும், மலை தானாக ஜன்னலுக்கு வரும். ஜூனோவில் மெண்டன்ஹால் பனியாற்றைத் தரையில் நின்று பார்க்கலாம். 1962-இல் கட்டிய பார்வையாளர் மையத்திலிருந்து அரை கிலோமீட்டர் அளவுக்குத் தளம் போட்ட பாதை ஏரியைப் பார்க்கும் இடம் வரை போகிறது. நக்கெட் அருவி வரை நடந்தால் போக மட்டும் ஒன்றரை கிலோமீட்டர், வர அதே தூரம். அப்பாவின் முட்டி எங்கே மறுக்கிறதோ அங்கே திரும்பிவிடலாம். காட்சி அங்கேயும் குறைவில்லை.

கப்பலிலிருந்து இறங்கும் சாய்தளம் பற்றி யாரும் சொல்வதில்லை. தென்கிழக்கு அலாஸ்காவில் கடல் ஓதம் பெரிது. ஒரே நாளில் 5 மீட்டருக்கு மேல்கூட நீர் ஏறி இறங்கும். காலையில் சமமாக இருந்த பலகை மத்தியானம் செங்குத்தாகிவிடலாம். எந்த மணிக்குச் சாய்வு குறைவாக இருக்கும் என்று வாசலில் நிற்கும் பணியாளரிடம் கேட்டுக்கொண்டு அந்த நேரத்தில் திரும்பி வாருங்கள்.

இனி பனியாற்று நாள்.

கிளேசியர் பேயில் கப்பல் எங்கும் கரையைத் தொடாது. பகல் முழுக்க விரிகுடாவுக்குள் போய், பார்த்துவிட்டு, அதே வழியில் வெளியே வரும். காலையில் பார்ட்லெட் கோவ் அருகே ஒரு சிறு படகு பக்கத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். பூங்காவின் ரேஞ்சர்கள் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்று ஏணியைப் பிடித்து ஏறி வருவார்கள். அம்மாவை அதைப் பார்க்க எழுப்புங்கள். நாள் முழுக்க ஒலிபெருக்கியில் பேசப்போகிறவர் அந்த ஏணியில் ஏறி வந்தவர்தான் என்று தெரிந்தால் பேச்சில் ஒரு பிடிப்பு வந்துவிடும். காது மந்தமானவர்களுக்குத் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கேட்காது. பல கப்பல்களில் அதே வர்ணனை கேபின் டிவியிலும் வரும்.

காலை உணவை முந்தின இரவே அறைக்குச் சொல்லி வையுங்கள். பனியாற்று நாளில் பஃபே வரிசையில் நிற்பது கால் வலிக்கு வழி.

உடை அடுக்கடுக்காக இருக்கட்டும். உள்ளே தெர்மல், அதன்மேல் கம்பளி, அதன்மேல் காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், கையுறை, காதை மூடும் குல்லாய். புடவை கட்டும் அம்மாவுக்குப் பாவாடைக்குள் தெர்மல் லெக்கிங்ஸும், வழுக்காத ஷூவும், தடித்த சாக்ஸும் வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகி ஜாக்கெட்டை மேலே போட்டு மூடிவிட்டால் காற்று இழுக்காது. கோடையில்கூடப் பனியாற்றின் பக்கத்தில் பத்து டிகிரிக்குக் கீழே உணரும்படிதான் இருக்கும்.

நேரத்தைச் சேமிக்க ஒரு வழி. கப்பல் ஓடும்போது முன்தளத்தில் அடிக்கும் காற்று கப்பலின் வேகத்தால் வருவது. பனியாற்றின் முன்னால் வந்து நின்றதும் அது பெரிதும் அடங்கிவிடும். ஆகவே ஓடும் வரை பெற்றோரைக் கண்ணாடிக்குள் உட்கார வைத்து, நிற்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் வெளியே அழைத்து வாருங்கள். எல்லோரும் உச்சித் தளத்துக்கு ஓடுவார்கள். கீழே, கப்பலைச் சுற்றி வரும் நடைத்தளம் இருந்தால் அங்கே போங்கள். கூரை உண்டு, பல கப்பல்களில் நாற்காலியும் உண்டு. நீருக்கு அருகில் இருப்பதால் மேலே கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கும்: சத்தம்.

மிதக்கும் பனிக்கட்டிகள் சும்மா இருப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் பனியில் அடைபட்ட காற்றுக் குமிழிகள், கட்டி கரையும்போது ஒவ்வொன்றாக வெடிக்கும். ஆயிரக்கணக்கான கட்டிகள் ஒன்றாகக் கரையும்போது, கடுகு தாளிப்பது போலச் சடசடவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். அம்மாவின் கையைப் பிடித்துக் கம்பியருகே நிறுத்திப் பேசாமல் கேட்கச் சொல்லுங்கள். பார்வை மங்கியவர்களுக்கும் இந்தப் பயணத்தில் கிடைக்கும் முழுமையான அனுபவம் அதுதான்.

மார்ஜரியின் முகம் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் அகலம். நீருக்கு மேல் சுமார் 75 மீட்டர், அதாவது இருபது மாடிக் கட்டடத்துக்கும் மேலான உயரம். அழுத்தத்தில் இறுகிய பனி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் பிளவுகளில் நீலம் தெரிகிறது. மேகமூட்டமான நாளில் அந்த நீலம் இன்னும் ஆழமாகத் தெரியும். ஆகவே மழை என்று வருத்தப்படாதீர்கள். பக்கத்தில் கறுப்பாகக் குன்று போல் இருப்பதும் பனியாறுதான். கல்லும் மண்ணும் மூடிய கிராண்ட் பசிபிக். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

பனிச்சுவர் உடைந்து விழுவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று விநாடி ஆகும். இடி போன்ற சத்தம் கேட்டபின் தலையைத் திருப்பினால் விழுந்து முடிந்திருக்கும். சின்னச் சின்னத் துண்டுகள் உதிர்ந்துகொண்டே இருக்கும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். போனில் படம் பிடிக்கும் வேலையை மகன் எடுத்துக்கொள்ளட்டும், அப்பாவின் கை சட்டைப்பைக்குள் சூடாக இருக்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே போய் ஏதாவது சூடாகக் குடித்துவிட்டு வாருங்கள்.

திரும்பும் வழியில் ரேஞ்சர் இந்த விரிகுடாவின் கதையைச் சொல்வார். 1794-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜார்ஜ் வான்கூவரின் குழு இந்தப் பக்கம் வந்தபோது விரிகுடா என்று ஒன்று ஏறத்தாழ இல்லை, பனிச்சுவர் வாயிலை ஒட்டி நின்றது. 1879-இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் வந்தபோது பனி பல பத்து கிலோமீட்டர் உள்ளே போயிருந்தது. 1916-க்குள் 105 கிலோமீட்டர் பின்வாங்கிவிட்டது. அதற்கும் முன்னால், பனி முன்னேறி வந்து இங்கே வாழ்ந்த பூர்வகுடிகளான ஹூனா ட்லிங்கிட் மக்களை அவர்கள் ஊரிலிருந்து துரத்தியிருந்தது. அவர்களுடைய குலவீடு 2016-இல் பார்ட்லெட் கோவில் மீண்டும் எழுந்தது. அந்த மக்களில் ஒருவரும் ரேஞ்சரோடு கப்பலுக்கு வந்து பேசுவதுண்டு. ஊரை விட்டுக் கிளம்பியவர்களின் கதையைப் பெரியவர்கள் பிள்ளைகளைவிடக் கூர்ந்து கேட்பார்கள்.

அம்மா அப்பாவிடம் காட்ட ஒரு ஜோடிப் படத்தைக் கிளம்பும் முன் போனில் சேமித்து வையுங்கள். 1880-களில் நீராவிக் கப்பல்களில் வந்த சுற்றுலாப் பயணிகள் பார்க்க வந்தது மார்ஜரியை இல்லை, கிழக்குக் கிளையில் இருந்த மியூர் பனியாற்றை. 1941 ஆகஸ்டில் பனியாற்று ஆய்வாளர் வில்லியம் ஃபீல்ட் அதைப் படமெடுத்தார். சட்டம் நிறையப் பனி. 2004 ஆகஸ்டில் புவியியலாளர் புரூஸ் மோல்னியா அதே இடத்தில் நின்று எடுத்த படத்தில் தண்ணீரும் பச்சை மலையும் மட்டும். இடையில் பனியாறு 12 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது, தடிமனில் 800 மீட்டருக்கு மேல் குறைந்துவிட்டது. 1941-ஐ ஒட்டிப் பிறந்த ஒரு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அந்த இரண்டு படங்களும் அவருடைய ஆயுளுக்குள் எடுக்கப்பட்டவை. “நான் பொறந்தப்போ இது இவ்வளவு இருந்துச்சா?” என்று கேட்பார். பதிலைப் பிள்ளை சொல்ல வேண்டாம், ரேஞ்சரிடமே கூட்டிப்போங்கள். நிதானமாக விளக்குவார்கள்.

மாலையில் ரேஞ்சர்கள் அதே ஏணியில் இறங்கிப் படகில் போய்விடுவார்கள். விரிகுடாவுக்குள் போன் சிக்னல் கிடையாது. கப்பலின் கடல்வழி ரோமிங்குக்குக் கட்டணம் தாளாது, ஆகவே போனை விமானப் பயன்முறையில் வைத்திருங்கள். அடுத்த துறைமுகத்தில் சிக்னல் வந்ததும், அலாஸ்காவில் மாலை 7 மணி என்றால் ஊரில் மறுநாள் காலை எட்டரை. அக்கா, தங்கை எல்லோரும் விழித்திருக்கும் நேரம். படங்களை அப்புறம் அனுப்பிக்கொள்ளலாம். கீழ்த்தளத்தில் நின்று பதிவு செய்த அந்தச் சடசடப்பு இருபது விநாடிக்கு இருந்தால் போதும். அதை முதலில் போட்டுக் காட்டும் வேலையை அம்மாவிடம் விடுங்கள்.